6 வழிச்சாலையில் சைக்கிளுக்கு வழி எங்கே? ஓ.எம்.ஆரில் தினமும் உயிரை பணயம் வைக்கும் தொழிலாளர்கள்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் காலை 7 மணிக்கு நின்று பார்த்தால் ஒரே ரோட்டில் 2 ஊர் போவது தெரியும். ஒரு ஊர் ஏ.சி. காரிலும் கம்பெனி வேனிலும் போகிறது. இன்னொரு ஊர் ரோட்டின் இடது ஓரத்தில், மண்ணும் ஜல்லியும் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு முழ இடத்தில், ஹேண்டில்பாரில் சாப்பாட்டு பையை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போகிறது.

அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன், ஐ.டி. கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி, கேண்டீனில் பாத்திரம் தேய்ப்பவர், சித்தாள், கொத்தனார், தோட்டக்காரர், பீகார், ஒடிசா, அசாமில் இருந்து வந்து கட்டிட வேலை பார்க்கும் இளைஞர்கள், இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ்-1, பிளஸ்-2 மாணவ-மாணவிகள். இவர்கள்தான் அந்த 2-வது ஊர்.

பளபளக்கும் கண்ணாடி கட்டிடங்களை துடைத்து வைப்பது இவர்கள்தான். ஆனால் அந்த கட்டிடத்துக்கு போய்ச் சேரும் ரோட்டில் இவர்களுக்கு என்று ஒரு அடி இடம் கூட ஒதுக்கப்படவில்லை.

"ஓரமா போப்பா", "கண்ணு தெரியல?", "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" - ஓ.எம்.ஆரில் சைக்கிள் மிதிப்பவர் காதில் தினமும் விழும் அர்ச்சனை இது. ஓரமாக போவது எப்படி என்பதுதான் யாருக்கும் தெரியாத ரகசியம். ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பின்னால் பார்ப்போம்.

கார்களுக்காக பிறந்த ரோடு

பழைய மகாபலிபுரம் சாலை என்பது ஒரு காலத்தில் 2 பக்கமும் வயலும் கிராமமும் இருந்த சின்ன ரோடு. கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று கிராமம் கிராமமாக தாண்டிப் போகும். டீக்கடை இந்தப் பக்கம், கோவில் அந்தப் பக்கம் என்று ஜனங்கள் குறுக்கே நடந்து போய் வந்தார்கள். வாடகை சைக்கிள் எடுத்து ஊர் சுற்றியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பின்னாலேயே கம்பெனிகள் வரிசை கட்டின. மத்திய கைலாசில் இருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு ரோடு 6 வழிச்சாலை ஆனது. 2008-ல் ராஜீவ்காந்தி சாலை என்று பெயரும் வந்தது. நடுவே தடுப்புச்சுவர் எழும்பியது. கார் நிற்காமல் போக வேண்டும், அதுதான் கணக்கு.

இதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சென்னை நகருக்குள் கூவம், அடையாறு கரைகளிலும் மற்ற இடங்களிலும் குடிசையில் இருந்த ஏழைகளை கொண்டு வந்து இங்கே குடியமர்த்தினார்கள். 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகர். 2004 சுனாமிக்கு பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்கு பிறகு பெரும்பாக்கத்துக்கு ஏராளமான குடும்பங்கள் வந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

பழைய வேலை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருந்தது. அது 15 கிலோமீட்டருக்கு மேல் தூரமாகிவிட்டது. எனவே பலரும் பக்கத்தில் ஓ.எம்.ஆரிலேயே வேலை தேடிக்கொண்டார்கள். 4 கிலோமீட்டர், 6 கிலோமீட்டர் தூரம். நடப்பதற்கு அதிகம். பஸ் ஏற இறங்க காசும் நேரமும் செலவு. சைக்கிளுக்கு அளவெடுத்து தைத்த மாதிரி தூரம்.

அதாவது, காருக்காக ரோடு போட்ட அதே இடத்தில், கார் வாங்க முடியாத ஜனங்களை கொண்டு வந்து வைத்தார்கள். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஏன் சைக்கிள்?

பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண மாநகர பஸ்களில் டிக்கெட் கிடையாது. அதனால் வீட்டு வேலைக்கு போகும் பெண்கள் பலர் பஸ்சுக்கு மாறிவிட்டார்கள். ஆண்களுக்கு அந்த சலுகை இல்லை. பஸ், ஷேர் ஆட்டோ என்று போக வர கொடுத்தால் மாசக் கடைசியில் சம்பளத்தில் ஓட்டை விழும். மொபட் வாங்கினால் தவணை, பெட்ரோல், இன்சூரன்சு. பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயை தொட்டது 2021-ல்.

இன்னொரு காரணம் ஷிப்ட். வாட்ச்மேன் வேலை பெரும்பாலும் 12 மணி நேரம். கேண்டீன்காரர் விடியற்காலை 5 மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். ஓட்டல் வேலை முடிய ராத்திரி 11 மணி ஆகும். அந்த நேரத்தில் பஸ்சை நம்பி இருக்க முடியாது. வாசலில் நிற்கும் சைக்கிளை நம்பலாம்.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 வீட்டில் 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. மொபட், பைக் வைத்திருந்தது 21 வீடு. கார் வைத்திருந்தது 5 வீடு கூட முழுசாக இல்லை. ஆனால் ரோடு யாருக்கு போடப்படுகிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

எதிரே இருக்குது, ஆனா போக முடியாது!

ஓ.எம்.ஆர். சைக்கிள்காரரின் முதல் எதிரி லாரியும் அல்ல, பஸ்சும் அல்ல. நடுவில் இருக்கும் தடுப்புச்சுவரும் யூ-டர்னும்தான்.

வேலை செய்யும் கட்டிடம் எதிரே கண்ணுக்கு தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் நேராக போக முடியாது. யூ-டர்ன் வரை போய், திரும்பி, மறுபக்கமாக வர வேண்டும். யூ-டர்ன் 1 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 1, வர 1 என்று 2 கிலோமீட்டர். காரில் போனால் 3 நிமிடம். சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 10 நிமிடம். அதுவும் வெயிலில், காலால் மிதித்து.

சரி, 10 நிமிடம் போனால் போகட்டும் என்று யூ-டர்னுக்கு போனால், அங்கேதான் கண்டம் இருக்கிறது.

சைக்கிள் போவது இடது ஓரம். யூ-டர்ன் இருப்பது வலது ஓரம். இடையில் 3 வரிசை வாகனம். அதன் அகலம் சுமார் 10 மீட்டர். ஓடும் வாகனங்களுக்கு நடுவே சைக்கிளை மிதித்து வலது பக்கம் போவது நடக்காத காரியம் என்பதால் பலரும் இறங்கி தள்ளிக்கொண்டு போகிறார்கள். தள்ளி நடந்து கடக்க சுமார் 9 வினாடி ஆகும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 9 வினாடியில் எவ்வளவு தூரம் வரும் தெரியுமா? 150 மீட்டர்! அதாவது 150 மீட்டர் தூரத்துக்கு 3 வரிசையிலும் ஒரு வாகனம் கூட இல்லாமல் இருந்தால்தான் பயம் இல்லாமல் கடக்கலாம். காலை 8 மணிக்கு ஓ.எம்.ஆரில் அப்படி ஒரு இடைவெளி கிடைக்க சாமி வரம் கொடுக்க வேண்டும்.

இதனால்தான் பலர் எதிர்திசையில், அதாவது ராங் சைடில் வருகிறார்கள். "படிக்காத ஜனங்க, ரூல்ஸ் தெரியாது" என்று காருக்குள் இருந்து திட்டுகிறார்கள். ரூல்ஸ் எல்லோருக்கும் தெரியும். 2 ஆபத்தில் எது சின்ன ஆபத்து என்று பார்த்து அவர்கள் தேர்வு செய்கிறார்கள். ஓரமாக எதிரே வந்தால் வருகிற வண்டியாவது கண்ணுக்கு தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. நேர்திசையில் போனால் 60 கிலோமீட்டர் கார், 12 கிலோமீட்டர் சைக்கிளை 48 கிலோமீட்டர் வேகத்தில்தான் நெருங்கும். எதிர்திசையில் வந்தால் 2 வேகமும் சேர்ந்து 72 ஆகிவிடும். பக்கத்து தெருவில் இருந்து இடது பக்கம் திரும்பும் டிரைவர் வலது பக்கம்தான் பார்த்து திரும்புவார். இடது பக்கத்தில் இருந்து சைக்கிள் வரும் என்று அவர் நினைத்தே பார்க்க மாட்டார். இடி விழுவது அங்கேதான்.

நடைமேம்பாலம் இருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண சைக்கிளின் எடை 20 கிலோ அளவுக்கு இருக்கும். அதை தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி வேலைக்கு போக முடியுமா? படியின் ஓரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக ஒரு சின்ன சரிவு வைத்தாலே போதும். சிமெண்டு பூசுகிற செலவுதான்.

ஓரத்தில் என்ன இருக்கிறது?

"ஓரமா போ" என்கிறார்களே, அந்த ஓரத்துக்கு வருவோம்.

முதலில் பஸ் நிறுத்தம். பஸ் இடது பக்கம் ஒதுங்கும்போது சைக்கிள் பஸ்சுக்கும் நடைபாதை கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அடுத்து கம்பெனி கார்கள். ஆள் ஏற்ற இடது ஓரத்தில்தான் நிற்கும். நிற்கும் காரை தாண்ட சைக்கிள் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அதே நேரத்தில் பின்னால் இருந்து ஒரு லாரி வரும். நின்ற காரின் கதவு திடீர் என்று திறந்தால் அதுவும் சைக்கிள்காரர் தலையில்தான்.

பிறகு மழைநீர் வடிகால் மூடி. இரும்பு கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் சைக்கிள் சக்கரம் அந்த சந்தில் சிக்கிக்கொள்ளும். கார் டயருக்கு அது தெரியவே தெரியாது. கம்பியை குறுக்காக திருப்பி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. மூடியை போடுபவருக்கு சைக்கிள் ஓட்டிய ஞாபகம் இருந்தால் போதும்.

மெட்ரோ ரெயில் 2-ம் கட்ட திட்டத்தில் மாதவரம் - சிறுசேரி பாதை ஓ.எம்.ஆர். வழியாகத்தான் வருகிறது. தூண் போட ரோட்டின் நடுவே தடுப்பு வைத்த இடங்களில் 3 வரிசை 2 வரிசையாக சுருங்கியது. நடுவில் இடம் போனால் வண்டிகள் எங்கே போகும்? இடது பக்கம்தான். ஏற்கனவே ஒரு முழ இடத்தில் போனவர் அதையும் பறிகொடுத்தார்.

ஓ.எம்.ஆருக்கு என்றே ஒரு தனி ஆபத்து உண்டு. அது தண்ணீர் லாரி. அப்பார்ட்மெண்டும் கம்பெனியும் முளைத்த வேகத்துக்கு குடிநீர் குழாய் வரவில்லை. பல ஆண்டுகளாக லாரி தண்ணீரில்தான் இந்த பகுதி ஓடியது. எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனை காசு என்றால் டிரைவர் பறக்கத்தானே செய்வார்?

லாரி, பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது பக்க முன்சக்கரத்தை ஒட்டி ஒரு சைக்கிள் வந்தால் அது அவர் கண்ணுக்கு படாது. கண்ணாடியிலும் தெரியாது. சிக்னலில் லாரிக்கு இடது பக்கமாக நுழைந்து முன்னால் போய் நிற்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பச்சை விழுந்ததும் லாரி இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சைக்கிள் அந்த இடுக்கில்தான் நிற்கும். லாரியின் பின்னால் நின்று 10 வினாடி தாமதமாக போவது உயிருக்கு நல்லது.

பெரிய வண்டி வேகமாக உரசினாற்போல தாண்டும்போது காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரம் ஹேண்டில்பாரில் அரிசிப்பை தொங்கினால் கதை கந்தல்.

வேகம் குறைந்தால் உயிர் மிஞ்சும்

சென்னை போக்குவரத்து போலீசார் 2023 நவம்பரில் கார்களுக்கு 60 கிலோமீட்டர், லாரி, பஸ் போன்ற கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்பு தெருக்களில் 30 என்று வேக வரம்பு நிர்ணயித்தார்கள்.

வேகம் 2 மடங்கு ஆனால் இடியின் பலம் 2 மடங்கு ஆகாது, 4 மடங்கு ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் சைக்கிள்காரர் பெரும்பாலும் கை, கால் முறிவோடு தப்புவார். 60-ல் மோதினால் அந்த நம்பிக்கை கிடையாது. தவிர, 60-ல் வரும் டிரைவர் ஆபத்தை பார்த்து காலை பிரேக்குக்கு கொண்டு போகும் அந்த 1 வினாடிக்குள்ளேயே கார் 16 மீட்டர் முன்னால் வந்துவிடும்.

பகலில் நெரிசல் இருப்பதால் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. ஓ.எம்.ஆரில் பயமான நேரம் விடியற்காலையும் ராத்திரி 10 மணிக்கு மேலும்தான். ரோடு காலி, கார் பறக்கும். கேண்டீன்காரரும் ஓட்டல்காரரும் சைக்கிளில் வருவது அந்த நேரத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

முன்பெல்லாம் சைக்கிளில் டைனமோ இருக்கும். விளக்கு இல்லாமல் ராத்திரி போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றை பிடுங்கி விடுவார். டபுள்ஸ் போனாலும் பிடிப்பார். வயதானவர்களை கேட்டால் கதை கதையாக சொல்வார்கள். இப்போது யாரும் பிடிப்பதில்லை. விளக்கும் இல்லை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, மட்கார்டில் பளபளக்கும் சிவப்பு ஸ்டிக்கர், பெடலில் மஞ்சள் ஸ்டிக்கர் என்று ஒட்டினால் காரின் வெளிச்சத்தில் தூரத்திலேயே தெரியும். பெடல் ஸ்டிக்கர் மேலும் கீழும் ஆடுவதால் இது சைக்கிள் என்று டிரைவருக்கு உடனே புரியும். வாட்ச்மேன்கள் கறுப்பு, நீல யூனிபாரத்தில் போகிறார்கள். இருட்டில் அந்த நிறம் கண்ணுக்கே தெரியாது. ஒரு வெளிர் நிற சட்டையை மேலே போட்டுக்கொண்டு போய் கேட்டில் கழற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்?

நாய்த்தொல்லை வேறு. விடியற்காலை 4 நாய் சேர்ந்து துரத்தினால் பயத்தில் ஹேண்டில்பார் தானாக நடுரோட்டுக்கு திரும்பும். வேகமாக மிதித்தால் நாய் இன்னும் வேகமாக வரும். இறங்கி நின்று சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பதுதான் வழி.

மழை வந்தால் இன்னும் மோசம். பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பக்கிங்காம் கால்வாயும் பக்கத்தில் இருக்கும் தாழ்வான பகுதி இது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் தண்ணீர் எப்படி நின்றது என்பதை இந்த பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். சாதாரண மழைக்கே ஓரத்தில்தான் முதலில் தண்ணீர் தேங்கும். அடியில் பள்ளமா, திறந்த வடிகாலா என்று தெரியாது. அதனால் சைக்கிள் நடுவே வரும். உடனே பின்னால் இருந்து ஹாரன்.

கேட்டில் தொடங்கும் அடுத்த போராட்டம்

உயிரோடு வந்து சேர்ந்தாலும் சைக்கிளை எங்கே விடுவது? காருக்கு 2 மாடி பார்க்கிங், பைக்குக்கு தனி கூரை என்று இருக்கும் கட்டிடங்களில் கூட சைக்கிளுக்கு இடம் இருப்பதில்லை. பின்பக்க கேட், மரத்தடி, டிரான்ஸ்பார்மர் ஓரம் என்று செயின் போட்டு பூட்டிவிட்டு போகிறார்கள். திருட்டு போனால் கேட்க நாதி இல்லை. "சைக்கிளா? வெளியே விடு" என்று சொல்லும் செக்யூரிட்டியே வேலைக்கு சைக்கிளில்தான் வந்திருப்பார். அது வேறு விஷயம்.

பஞ்சரானாலும் கஷ்டம். மெயின் ரோட்டில் கார், பைக் டியூப்லெஸ் டயர் கடைகள்தான் கண்ணில் படும். சைக்கிள் பஞ்சர் ஒட்ட உள்தெருக்களுக்கு தள்ளிக்கொண்டு போக வேண்டும். இத்தனைக்கும் இதே சென்னையில் அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் கம்பெனி தொடங்கி நாடு முழுவதும் சைக்கிள் அனுப்பினார்கள்.

2021 ஏப்ரல் 6-ந்தேதி சட்டசபை தேர்தல் அன்று நடிகர் விஜய் நீலாங்கரையில் ஓட்டு போட சைக்கிளில் வந்தபோது ரசிகர்கள் திரண்டு பின்னால் ஓடினார்கள். டி.வி.க்கள் விடாமல் காட்டின. நீலாங்கரைக்கு பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான் துரைப்பாக்கம். அங்கே தினமும் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் போகிறார்கள். ஒரு கேமராவும் திரும்பவில்லை.

மோதிவிட்டால் பணம் கிடைக்குமா?

இது முக்கியமான விஷயம். தெரியாததால் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

2022-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். அதில் சைக்கிள்காரர்கள் 4 ஆயிரத்து 836 பேர். அதாவது தினமும் 13 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். நடந்த விபத்துகள் 64 ஆயிரத்து 105.

சைக்கிளுக்கு இன்சூரன்சு கிடையாது, லைசென்சு கிடையாது, அதனால் அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. மோதிய காருக்கும் லாரிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்சு கட்டாயம். சைக்கிள்காரர்தான் அந்த மூன்றாம் நபர். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் மனு செய்து அந்த இன்சூரன்சு கம்பெனியிடம் பணம் கேட்கலாம். சம்பள ரசீது இல்லாத கூலித்தொழிலாளிக்கும் வருமானத்தை மதிப்பிட்டு இழப்பீடு கொடுக்கிறார்கள்.

ஆனால் ரோட்டில் நடப்பது என்ன? காரில் வந்தவர் இறங்கி 1,000 ரூபாயோ 2,000 ரூபாயோ கொடுத்து, "போலீஸ் எல்லாம் எதுக்குப்பா, மருந்து வாங்கிக்க" என்பார். வேலைக்கு லேட் ஆகிறது என்று இவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2 நாள் கழித்து கால் வீங்கும். எலும்பு முறிவு என்பார்கள். அப்போது காரும் இல்லை, நம்பரும் இல்லை.

இன்னொரு தவறு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. எப்படி அடிபட்டது என்று கேட்டால், போலீஸ் வம்புக்கு பயந்து "சைக்கிளில் இருந்து தானா விழுந்துட்டேன்" என்று சொல்லி விடுகிறார்கள். டாக்டர் அதை அப்படியே விபத்து பதிவேட்டில் எழுதுவார். பிறகு கேஸ் நடக்கும்போது இன்சூரன்சு வக்கீல் கையில் எடுக்கும் முதல் காகிதம் அந்த ஏ.ஆர். காப்பிதான். கார் மோதியது என்றால் கார் மோதியது என்றே சொல்ல வேண்டும். நம்பர் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ராங் சைடு விஷயம் இங்கே மீண்டும் வருகிறது. எதிர்திசையில் வந்து அடிபட்டால், தவறில் உனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பகுதியை கழிப்பார்கள். ரோடு அப்படி இருந்தது, வேறு வழியில்லை என்பதை நிரூபிப்பது கஷ்டம். யூ-டர்னை தள்ளி வைத்தவர் மீது பங்கு விழாது. சைக்கிள்காரர் மீதுதான் விழும்.

அதற்காக மனம் தளர வேண்டியது இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், பெரிய காயத்துக்கு 2½ லட்சம் ரூபாய் கேட்க வழி இருக்கிறது. இதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகை கேட்கும் மனு முடிந்துபோகும் என்பதால், எது லாபம் என்று விசாரித்து முடிவு செய்வது நல்லது. சட்டத்தில் மனு செய்ய 6 மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். காரியம் முடிந்து, பதினாறு முடிந்து, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் சிக்கல்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? நம்பரும் தெரியாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. இறப்புக்கு 2 லட்சம், பெரிய காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்ட தொகை இருக்கிறது. இதற்கு கோர்ட்டுக்கு போக வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். போலீசின் எப்.ஐ.ஆர். இருந்தால்தான் வேலை நடக்கும்.

வைத்தியத்துக்கு பணம் இல்லையே என்று தனியார் ஆஸ்பத்திரி வாசலில் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காசு கட்ட வேண்டியது இல்லை. வடமாநில தொழிலாளிக்கும் இது பொருந்தும். அந்த பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்பதை 108 ஆம்புலன்சு வரும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். வேலைக்கு போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்த விபத்தாக கருதலாம் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தார்கள். காண்டிராக்டர் மூலம் வேலை பார்க்கும் ஹவுஸ் கீப்பிங், செக்யூரிட்டி ஆட்கள் பலருக்கு தங்கள் இ.எஸ்.ஐ. நம்பரே தெரியாது. அதை வாங்கி ஒரு காகிதத்தில் எழுதி பர்சில் வைத்துக்கொள்வது நல்லது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

காகிதத்தில் இருக்கும் சைக்கிள் பாதை

சைக்கிளையும் நடப்பவர்களையும் அரசு மறந்தே போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2014-ல் சென்னை மாநகராட்சி இதற்கு என்றே ஒரு கொள்கை கொண்டு வந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011-லேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன.

ஆனால் ஓ.எம்.ஆர். மெயின் ரோடு மாநகராட்சி கையில் இல்லை. 6 வழிச்சாலையை போட்டது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். உள்தெரு மாநகராட்சிக்கு. நடுவில் உள்ள தடுப்பு மெட்ரோவுக்கு. சிக்னல் போலீசுக்கு. வடிகால் மூடி உடைந்தால் யாரிடம் போவது என்று சைக்கிள்காரர் கண்டுபிடிப்பதற்குள் இன்னொருவர் விழுந்துவிடுவார்.

பெரிய பெரிய பாதை எல்லாம் உடனே வேண்டாம். சர்வீஸ் ரோடு இருக்கும் இடங்களில் கார் நிறுத்தாமல் தடுத்தாலே சைக்கிளுக்கு பாதி வழி கிடைத்துவிடும். யூ-டர்ன் இருக்கும் இடத்தில் 30 வினாடி வாகனங்களை நிறுத்தும் சிக்னல் வைத்தால், 9 வினாடியில் கடக்க வேண்டியவர் 3 முறை கடந்துவிடலாம். தடுப்புச்சுவரில் சைக்கிள் மட்டும் நுழையும் அளவுக்கு சந்து விட்டு, அங்கே சிக்னல் வைத்தால் ராங் சைடில் வர வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது.

அதுவரை உள்தெரு வழிதான் கதி. கண்ணகி நகர், காரப்பாக்கம் பக்கம் இருந்து வருபவர்கள் முடிந்தவரை தெருக்களுக்குள்ளேயே மிதித்து, கடைசி அரை கிலோமீட்டருக்கு மட்டும் மெயின் ரோட்டில் ஏறுகிறார்கள். சுற்று அதிகம்தான். குறுக்கே முட்டுச்சந்தும், கேட் போட்ட குடியிருப்பும் வரும். எந்த கேட் எத்தனை மணிக்கு திறப்பார்கள், எந்த சந்தில் நாய் இல்லை, எந்த மூடி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வேலைக்கு சேர்ந்தவர்கள் ஒரு வாரம் பழைய ஆளின் பின்னாலேயே மிதித்து வழி கற்றுக்கொள்கிறார்கள்.

ராத்திரி 8 மணிக்கு வாட்ச்மேன் ஷிப்ட் மாறும். பகல் ஆள் சைக்கிளை எடுத்து, செயினை சீட்டுக்கு அடியில் சுற்றி, பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டில் இறங்குவார். எதிரே ராத்திரி ஆள் அதே ஓரத்தில், ராங் சைடில் வந்துகொண்டிருப்பார். 2 பேரும் மணி அடித்து ஒதுங்கிக்கொள்வார்கள்.